மேலே இருந்து பார்ப்பவர்

அந்த அக்காவைப் போலப் பயப்படுகிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. நாய்க்குப் பயம். இடிக்குப் பயம். ஷேர் ஆட்டோ வளைவில் சாய்ந்தால் பயம். ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் என்றால் உயிரே போய்விடும். தூரத்தில் ஹாரன் கேட்டதுமே பிளாட்பாரத்தின் நடுவில் போய்த் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். லிஃப்ட்டுக்கும் பயம். அதில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை, கேள்விப்பட்டதோடு சரி. இப்படிப்பட்டவர் வேலை பார்த்த இடம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்குகிற ஒரு கம்பெனி. அங்கே பகல் முழுக்க ஏதாவது ஒன்று இடிந்துகொண்டும் சரிந்துகொண்டும் இருக்கும். இவருக்கு இந்த வேலையைக் கைகாட்டிவிட்ட புண்ணியவான் யார் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

நாங்கள் இருவரும் ஆரம்பாக்கம். காலையில் சூலூர்ப்பேட்டையிலிருந்து வரும் ரயிலில் ஒன்றாகத்தான் ஏறுவோம். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள் என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் தன்னைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. பேச்சு முழுக்கப் பயத்தைப் பற்றித்தான். அதையும் என்னிடம் பேசுவது குறைவு, ஆண்டவரிடம்தான் அதிகம். அதற்காகக் கண்ணை மூடுவதோ முழங்காலில் நிற்பதோ கிடையாது. தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல வெளிப்படையாகச் சொல்வார்.

"தோ பாருப்பா, எனுக்குப் பயமா கீது. சொல்ட்டேன். இனிமே உன் பாடு."

அவ்வளவுதான் ஜெபம். ரயில் ஏறும்போது ஒன்று, தண்டவாளம் கடக்கும்போது ஒன்று, கம்பெனி கேட்டில் படுத்திருக்கும் கறுப்பு நாயைத் தாண்டும்போது ஒன்று. அவருடைய சபையில் எல்லாரும் நீர், உமது என்று மரியாதையாக ஜெபம் செய்ய, இவர் மட்டும் நீ, வா, போ என்று பேசுகிறார் என்பதில் அங்கிருந்த பெண்களுக்கு ஏகப்பட்ட வருத்தம். பாஸ்டரே ஒருமுறை கூப்பிட்டுச் சொன்னாராம். "பயத்துல இலக்கணம் வர்ல பாஸ்டர்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

சொன்னதும் அவருக்குப் பயம் போய்விடும் என்று நினைத்துவிட வேண்டாம். கை நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். உதடு காய்ந்திருக்கும். ஆனால் கால் நடந்துவிடும். எனக்கு அதுதான் விளங்கவே விளங்காது. ஒருநாள் ரயிலில் கேட்டே விட்டேன்.

"சாமிகிட்டதான் சொல்ட்டியேக்கா. அப்பால ஏன் நடுங்கற?"

என்னை ஏதோ விவரம் கெட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சொல்ட்டா பயம் பூடும்னு யாரு சொன்னா உனுக்கு? பயம் என்கிட்டதான் கீது. பாத்துக்கறதுதான் அவருகிட்ட."

இது நம்பிக்கையா, நம்பிக்கை இல்லாததா? அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை. இன்றைக்குப் பிடிபட்டுவிட்டது என்றும் சொல்லமாட்டேன்.

எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. லாரி லாரியாகப் பழைய இரும்பு வந்து இறங்கும். சைக்கிள் ஃபிரேம், உடைந்த கட்டில், ஜன்னல் கம்பி, யாரோ ஒருவர் வீட்டுத் தையல் மிஷினின் கால். அதைத் தரையில் பரப்பிப் போட்டால் அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொறுக்குவார்கள். அவர்கள் பொறுக்கி எறிய வேண்டியது 'மூடின சாமான்'. வாய் அடைத்த சிலிண்டர், பைக்கின் ஷாக் அப்சார்பர், இரண்டு முனையும் நசுங்கி உள்ளே மழைத்தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கும் பைப் இவையெல்லாம் மூடின சாமான். உருகிய இரும்புக்குள் இதில் ஒன்று விழுந்தால் போதும். உள்ளே இருக்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகி வெடிக்கும். இரும்புக் குழம்பு உலையின் வாய் வழியாக எழும்பி, பக்கத்து மேடையில் நிற்பவர்கள் மேல் கொட்டும்.

பொறுக்கி முடித்த குவியலை இரும்பு அள்ளும் வண்டி வாரி ஒரு பக்கெட்டில் போடும். பக்கெட் என்றால் குளியலறை பக்கெட் அல்ல, ஆள் உயரத்தையும் தாண்டிய இரும்புத் தொட்டி. நான் கிரேன் ஓட்டுகிறவன். முப்பதடி உயரத்தில் கூரைக்குக் கீழே தொங்கும் கேபினில் இருந்து கொக்கியை இறக்குவேன், பக்கெட்டைத் தூக்கிக்கொண்டுபோய் உலையின் வாய்க்கு நேரே நிறுத்துவேன். மேடையில் நிற்கும் ஆள் அதன் அடிப்பக்கத்தைத் திறந்துவிடுவார். ஒரு நாளைக்கு இப்படி எத்தனையோ பக்கெட். ஒவ்வொரு பக்கெட்டிலும் மேடையில் நிற்கிற மூன்று பேரின் உயிர் கிடந்தது.

நான் சேர்ந்த இரண்டாம் மாதம் உலைக்குள் சின்னதாக ஒன்று வெடித்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் நாலைந்து தீப்பொறி கேபின் கண்ணாடி வரை வந்து ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலையில் ஏணியில் கால் வைக்கிறேன், கால் ஏறமாட்டேன் என்கிறது. டீ குடிக்கப் போகிறவன்போல இரண்டு தடவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தேன். மூன்றாவது தடவை அக்கா வந்து நின்றார்.

"இன்னா நைனா, ஏறலியா?"

"ஏணி வழுக்குதுக்கா."

"ஏணி எங்க வழுக்குது. உனுக்கு வவுறு கலக்குது. இதுல பழம் தின்னு கொட்ட போட்டவ நானு, என்கிட்ட சொல்றியா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "எங்க ஆண்டவருகிட்ட நான் சொல்லவா, இல்ல உங்க அம்மன்கிட்ட நீயே சொல்லிக்கிறியா?" என்று கேட்டார்.

எனக்கு இருந்த நிலைமையில் எந்த வாசலையும் விடுவதாக இல்லை. "ரெண்டும் ஆவட்டும்" என்றேன்.

அவர் ஏணியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தோ பாருப்பா, இந்தப் புள்ளைக்குப் பயமா கீது. வெளிய சொல்ல வெக்கப்படறான். அவனுக்காக நான் சொல்ட்டேன். இனிமே உன் பாடு."

நான் ஏறிவிட்டேன். ஏன் ஏறினேன் என்று தெரியவில்லை. கடவுள் ஏற்றினாரா, ஒரு பெண்பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்ற மானம் ஏற்றியதா? நான் கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை அவர் அண்ணாந்து பார்த்தபடி அங்கேயே நின்றார்.

அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் அந்தக் கை வந்தது. பக்கெட் நிரம்பியதும் அக்கா அதன் அருகில் போவார். உள்ளங்கையைப் பக்கெட்டின் பக்கவாட்டில் பதித்து, தலையைக் குனிந்து, பத்து எண்ணுகிற நேரம் நிற்பார். உதடு அசையும். பிறகு கையை எடுத்து, என்னைப் பார்த்து உயர்த்திக் காட்டுவார். அப்போதுதான் நான் கொக்கியை மேலே இழுப்பேன். இப்படிச் செய் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. தானாக வந்து பழகிவிட்டது. அவர் கை பக்கெட்டில் இருக்கும்வரை நான் தூக்குவதில்லை, அவ்வளவுதான்.

சூப்பர்வைசருக்கு இது ஆகவில்லை. "இன்னாம்மா, பக்கெட்டுக்கு ஞானஸ்நானம் குடுக்கறியா? நேரம் ஆவுதுல்ல" என்று கத்துவார். கீழே கத்திப் பார்த்துப் பலிக்காமல் மேலே என்னைப் பார்த்துக் கத்தினார். நான் ஜன்னலைத் திறந்து, "அந்தக் கைய எடுக்காம நான் தூக்கமாட்டேன் சார். வேணும்னா நீங்க ஏறி ஓட்டுங்க" என்றேன். அவர் தொப்பை அந்த ஏணியில் நுழையாது என்பது கம்பெனிக்கே தெரியும். பிறகு அவரும் பழகிக்கொண்டார். அக்கா லீவு போட்ட ஒருநாள், நெற்றி நிறையத் திருநீறு பூசிய அந்த மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, போகிற போக்கில் பக்கெட்டைத் தொட்டுவிட்டுப் போனதை நான் மேலிருந்து கண்ணாரப் பார்த்தேன். தொட்டது யார் கையாக இருந்தால் என்ன என்று நானும் தூக்கிவிட்டேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு மத்தியானம் பயங்கர இடி. ஈர இரும்பை உலையில் போடக்கூடாது என்பதால் வேலையை நிறுத்தி எல்லாரும் ஷெட்டுக்குள் ஒதுங்கி நின்றோம். அக்கா என் பக்கத்தில் வந்து என் முழங்கையைப் பிடித்தார். ஒவ்வொரு இடிக்கும் நகம் உள்ளே இறங்கியது.

"வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும் நைனா. அவரு கையப் புடிக்க முடியல. உன் கைதான் ஆப்டுது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் கையில் நாலு நகக்குறியைப் பார்த்தபோது, அவ்வளவு பெரிய ஆளுக்குப் பதிலாக நான் நின்றிருக்கிறேன் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று வருடம் ஓடியது. அக்கம்பக்கத்துக் கம்பெனிகளில் அவ்வப்போது ஏதாவது ஆகும், சைரன் வைத்த வண்டி போகும். எங்கள் உலையில் ஒரு பட்டாசுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ராசியான கம்பெனி என்று பேர் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் என் மச்சானை, அதாவது என் மனைவியின் தம்பியை, உலை மேடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். மனைவிக்கு இஷ்டமில்லை. அவளுக்கு இருப்பது ஒரே தம்பி.

"நெருப்பாண்ட நிக்கற வேல. எதுனா ஒண்ணு ஆச்சுன்னா?" என்றாள்.

"கீழ அந்தக்கா பாக்கறாங்க. மேல நான் கீறேன். இதுக்கு மேல இன்னா வேணும்?" என்றேன். அவள் சமாதானமாகிவிட்டாள். அந்த வார்த்தையைச் சொன்னவன் நான்தான். வேறு யார் மேலும் பழியைப் போடமுடியாது.

அது ஒரு புதன்கிழமை. காலை நாஷ்டா முடித்து எல்லாரும் வந்து நின்ற நேரம். பக்கெட் நிரம்பியது. அக்கா வந்தார், கையை வைத்தார், தலை குனிந்தார். எப்போதும் போல அதே பத்து எண்ணிக்கை. கையை எடுத்து உயர்த்தினார். நான் தூக்கிக்கொண்டுபோய் உலையின் வாய்க்கு மேலே நிறுத்தினேன். மச்சான் அடியைத் திறந்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

சத்தம் எப்படி இருந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சத்தம் நினைவில் இல்லை. கண்ணாடி முழுக்க வெள்ளையானது நினைவிருக்கிறது. வெள்ளை வடிந்தபோது மேடையில் இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள், மூன்றாவது ஆள் தரையில் உருண்டுகொண்டிருந்தான். அது மச்சான் என்று சட்டையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஏணியில் எப்படி இறங்கினேன் என்றும் நினைவில் இல்லை.

உயிர் பிழைத்தான். இடது கையும் பாதிக் காதும் போனது, தோள் வெந்துவிட்டது. பொன்னேரியில் காட்டி அங்கிருந்து சென்னையில் தீக்காய வார்டுக்குக் கொண்டுபோனோம். என் மனைவி அங்கே அழவில்லை. என்னை வராந்தாவின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ மேலதான இருந்த? மேல இருந்து இன்னாத்த பாத்த?"

பதில் இல்லாதவனுக்குக் கோபம் வரும். எனக்கு அக்கா மேல் வந்தது. தெறித்து விழுந்த துண்டை வைத்து, உலையில் விழுந்தது முனை நசுங்கிய பைப் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. பொறுக்க வேண்டியவர் அவர். கையை வைத்துச் சரி என்று காட்டியவர் அவர். என் மூளையில் இது மட்டும்தான் இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அவர் வந்தார். லிஃப்ட்டுக்குப் பயந்து நாலு மாடியும் படியேறி, மூச்சிரைக்க, ஒரு பையில் சாத்துக்குடியோடு. என் மனைவி பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வராந்தாவில் நானும் அவரும்தான்.

"எப்டிக் கீது தம்பிக்கு?" என்றார்.

"பக்கெட்டுக்குள்ள பைப் கெடந்திருக்குக்கா. கைய வெச்சுக்கினு அவ்ளோ நேரம் நின்னியே. உள்ள இன்னாத்த பாத்துட்டுக் கைய எடுத்த?"

அவர் விழித்தார். நடிப்பில்லாத விழிப்பு.

"பக்கெட்டுக்குள்ளியா? நான் எப்டி நைனா உள்ள பாப்பேன்? அதும் வாய் எனுக்கு எட்டவே எட்டாதே. தரையில கெடக்கறதத்தான் பொறுக்கறேன். வண்டி அடியோட வாரிப் போடுது. அடியில இருந்து இன்னா வந்து விழுந்துச்சுன்னு எனுக்கு இன்னா தெரியும்? அதுக்குத்தான மேல நீ கீற."

"நானா?"

"நீ மேல இருந்து உள்ள பாக்கற இல்ல? பாத்துட்டுத்தான தூக்கற?"

முப்பதடி உயரத்தில், புகை படிந்த கண்ணாடி வழியாகப் பக்கெட்டுக்குள் எனக்குத் தெரிவது துருப்பிடித்த ஒரு கறுப்பு. அவ்வளவுதான். சிலிண்டரா கட்டில் காலா என்று ஒரு மனிதனால் சொல்லமுடியாது. எனக்குத் தெளிவாகத் தெரிவதெல்லாம் அக்காவின் தலைத்துண்டும் அந்தக் கையும்தான். அதைத்தான் மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனுக்கு மேல இருந்து ஒண்ணியும் தெரியாதுக்கா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப கைய வெச்சுக்கினு இன்னா பண்ண?" என்று கேட்டேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, குரல் கெஞ்சுகிற மாதிரிதான் வந்தது.

"உள்ள பாக்க முடியாதது பயமா இருந்துச்சு நைனா. அதச் சொல்லுவேன். இதுக்கு மேல என் கண்ணுக்கு எட்டாதுப்பா, மேல ஒருத்தன் பாக்கறான், அவன் கண்ண நீ பாத்துக்கோன்னு சொல்லுவேன். டெய்லியும் உன் கண்ணுக்காகத்தான் சொல்லிக்கினு இருந்தேன்."

வார்டுக்குள்ளிருந்து யாரோ முனகும் சத்தம் வந்தது. மச்சானாகவும் இருக்கலாம். கீழே இருப்பவர் பார்க்கிறார் என்று மேலே இருப்பவன் நினைத்திருக்கிறான். மேலே இருப்பவன் பார்க்கிறான் என்று கீழே இருப்பவர் நினைத்திருக்கிறார். நடுவில் பக்கெட் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

"அப்ப மூணு வருஷமா யாருமே பாக்கலியாக்கா?" என்றேன்.

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸுக்கு உட்காருவதுபோல, சப்பணம் போட்டு. காதை மட்டும் பொத்தவில்லை. அங்கிருந்து அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"மூணு வருஷம் ஒண்ணியும் ஆவல. அப்ப யாரு நைனா பாத்தது?"

கேள்வி ஒன்றுதான். அவர் கண்ணில் நீர் நிறைந்து, முகத்தில் என்னவோ ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் கோபம் வந்துவிட்டது.

"அவரு பாத்தாருன்னே வெச்சுக்க. அப்ப புதன்கெழம எங்க போனாரு?"

அவர் என்னைச் சமாதானப்படுத்துவார் என்று நினைத்தேன். சோதனை, சித்தம் என்று எதையாவது சொல்வார், நன்றாகத் திட்டிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"தெர்ல. மூணு நாளா அதத்தான் நானும் கேட்டுக்கினு கீறேன். பதில் வர்ல."

வந்த வெளிச்சம் போய்விட்டது. எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, வந்தது போலவே படியில் இறங்கிப் போனார்.

உள்ளே போனபோது மனைவி சாத்துக்குடியை உரித்துத் தம்பியின் வாயில் சுளை சுளையாகப் பிழிந்துகொண்டிருந்தாள். மச்சான் மெல்ல, "அந்தக்கா வந்துச்சா மாமா? அவங்க கை வெச்ச பக்கெட்டா இருந்ததாலதான் நான் பொழச்சேன்" என்றான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அதே பக்கெட்தானே அவனை அங்கே படுக்க வைத்தது? ஆனால் அவன் அதை அவ்வளவு உறுதியாகச் சொன்னான். பாதி காது போனவனிடம் நான் என்ன வாதம் செய்வது?

அக்கா அதற்குப் பிறகு சில மாதம்தான் வேலைக்கு வந்தார். மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நெல்லூர்ப் பக்கம் ஏதோ ஓர் ஊர். விசாரித்துப் போயிருக்கலாம், போகவில்லை. போனால் அந்தக் கேள்வியை இருவரில் ஒருவர் எடுத்துவிடுவோம் என்று எனக்குப் பயம். மச்சான் ஒரு கையோடு ஆரணியில் கடை வைத்திருக்கிறான். நானும் கம்பெனி மாறிவிட்டேன். இப்போது ஓட்டுகிற கிரேனில் கேபின் கிடையாது. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு கீழே நின்றே ஓட்ட வேண்டியதுதான், மேலே யாரும் இல்லை. தூக்குவதற்கு முன்னால் என்னை அறியாமல் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடுகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் இன்னா சார் அங்க என்று கேட்பார்கள். சும்மா என்பேன்.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது, உலையை மறுபடி மூட்டிய அன்றைய முதல் பக்கெட்டைத்தான்.

விபத்து நடந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் முந்தின நாளே வெல்டரைப் பிடித்து, கிடந்த இரும்பு ஆங்கிள் துண்டுகளில் ஐந்து படி வைத்த ஒரு ஸ்டாண்டு அடிக்கச் சொல்லியிருந்தேன். சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டுப் போனார். பக்கெட் நிரம்பியதும் ஸ்டாண்டை அதன் பக்கத்தில் போட்டோம். அக்கா அதன் முன்னால் வந்து நின்றார். ஐந்தே படி. அவருக்கு அது பனைமரம். புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்டாண்டின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் இன்னும் ஏணியில் ஏறவில்லை, பக்கத்தில்தான் நின்றேன். அதனால் எனக்குக் கேட்டது.

"தோ பாருப்பா, எனுக்குப் பயமா கீது. சொல்ட்டேன். இனிமே…"

அதற்கு மேல் வரவில்லை. உன் பாடு என்பதை அவர் சொல்லவில்லை. பிறகு, யாரையோ கையைப் பிடித்து அழைப்பதுபோல, "சரி, வா. நீயும் ஏறு. ரெண்டு பேரும் பாப்போம்" என்று சொல்லிவிட்டு முதல் படியில் கால் வைத்தார்.

நான் என் ஏணியில் ஏறி கேபினுக்குப் போனேன். மேலிருந்து பார்த்தால், அக்கா பக்கெட்டின் விளிம்பில் வயிற்றை வைத்துச் சாய்ந்து உள்ளே துழாவிக்கொண்டிருந்தார். இரும்பை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மேடையில் இரண்டு பேர் மச்சான் நின்ற இடத்தை விட்டுத் தள்ளி நின்றார்கள்.

திடீரென்று அவர் தோள் வரை கையை உள்ளே விட்டார். இழுத்தார். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். முழங்கை நீளத்துக்கு ஒரு பைப் வந்தது. இரண்டு முனையும் நசுங்கி மூடியிருந்தது. காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஆட்டுவதை அப்படியே நிறுத்திவிட்டார்.

முதல் பக்கெட். முதல் முறை உள்ளே பார்த்த முதல் பக்கெட். அப்படியென்றால் இதற்கு முன்னால் போன பக்கெட்டுகளில் எத்தனை? என் மண்டைக்குள் மூன்று வருடத்துப் பக்கெட்டும் வரிசையாகப் போக ஆரம்பித்தது. ஒவ்வொன்றையும் நான்தான் தூக்கியிருக்கிறேன்.

அக்கா அந்தப் பைப்பை ஒரு கையால் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார். எனக்குத்தான் காட்டுகிறார் என்று நினைத்து, பார்த்துவிட்டேன் என்பதற்காகக் கண்ணாடியைத் தட்டினேன். அவர் திரும்பவில்லை. மறுபடி தட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பைப்பை உயர்த்திப் பிடித்தபடி, எனக்கும் மேலே, கூரைத் தகட்டைப் பார்த்து, திட்டுகிறாரா நன்றி சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாத முகத்தோடு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.